வன்னிப் பட்டிகளில் கால்நடை ஆராய்ச்சி: முதுமாணி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி அறிவியல்நகரில் இருந்தும் பேராதனையில் இருந்தும் கால்நடை விஞ்ஞானம், மிருக வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் ஆய்வுக்காக வன்னிக்கு வருகிறார்கள். அவர்களோடு பட்டிகளுக்குப் போய்வருகிற எனக்கு ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். உங்கள் பீடத்தின் விதிகள் அதன் கையேட்டில் இருக்கும். பட்டியடியில் என்ன நடக்கும் என்பது அந்தக் கையேட்டில் இருக்காது. ஆகவே இங்கே அதற்குத்தான் கூடுதல் இடம்.

"நான் விவசாய பீடத்தில படிச்சனான், மிருக வைத்தியர் இல்லை. கால்நடை ஆராய்ச்சி செய்யேலுமோ?"

செய்யலாம். தீவனம், மேய்ச்சல், இனவிருத்தி, பால் உற்பத்தி, பட்டியின் வரவுசெலவு எல்லாமே கால்நடை விஞ்ஞானம்தான். வன்னியில் இன்றைக்கு அதிகம் தேவைப்படுகிற ஆய்வுகளும் இவற்றில்தான் இருக்கின்றன.

இரத்தம் எடுப்பது, மருந்து ஏற்றுவது, செத்த மாட்டை அறுத்துப் பார்ப்பது ஆகியவை பதிவுபெற்ற கால்நடை வைத்தியரின் வேலை. உங்கள் ஆய்வில் இவற்றில் ஏதாவது வருமென்றால், முன்மொழிவு எழுதும்போதே ஒரு கால்நடை வைத்தியரை இணை மேற்பார்வையாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். களத்துக்குப் போவதற்கு முதல் நாள் தொலைபேசி எடுத்து "நாளைக்கு வரமுடியுமா டொக்டர்" என்று கேட்டால், பாவம், அவருக்கு அன்றைக்குக் கன்று ஈன முடியாத மாடு ஒன்று காத்துக்கொண்டிருக்கும்.

"மாஸ்டர்ஸ் எண்டால் எல்லாம் ஒண்டுதானே? ஆராய்ச்சி எவ்வளவு பெரிசா இருக்க வேணும்?"

ஒன்றல்ல. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் 9ஆம் மட்டம் பாடநெறி மட்டுமுள்ள முதுமாணி, 30 கிரெடிட். 10ஆம் மட்டம் பாடநெறியும் ஆராய்ச்சியும் சேர்ந்தது, 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 ஆராய்ச்சிக்கு. 11ஆம் மட்டம் முதுதத்துவமாணி, முழுக்க ஆராய்ச்சி. இந்தப் பக்கத்தில் நான் பேசுவது பெரும்பாலும் 10ஆம் மட்டத்தைப் பற்றி.

ஆராய்ச்சியில் ஒரு கிரெடிட்டுக்கு 100 மணித்தியாலம் என்று கணக்கு. 15 கிரெடிட்டுக்கு 1500 மணித்தியாலம். கிழமைக்கு 30 மணித்தியாலம் கொடுத்தால் 50 கிழமை, அதாவது ஏறக்குறைய ஒரு வருடம். வாசிப்பு, அனுமதி, களம், ஆய்வுகூடம், எழுத்து எல்லாம் இதற்குள் வரவேண்டும். ஒரு கேள்வியை எடுத்து ஒழுங்காக முடிக்க இந்த நேரம் போதும். மூன்று கேள்விகளுக்குப் போதாது.

"தலைப்பு எப்பிடி எடுக்கிறது? சேர் 'புதுசா ஏதாவது கொண்டு வா' எண்டுறார்."

முதலில் ஒரு அரச கால்நடை வைத்தியர் பணிமனையில் காலையில் போய் இருந்து பாருங்கள். யார் வருகிறார்கள், என்ன முறைப்பாட்டோடு வருகிறார்கள், பதிவேட்டில் எது திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது என்று பாருங்கள். "சினை ஊசி போட்டும் நிற்கேல்லை", "கன்று வயிற்றோட்டத்தில் செத்துப்போச்சு", "ஆவணியில் பால் வற்றிப்போச்சு" என்று சனம் சொல்வதில் இருந்துதான் நல்ல தலைப்பு கிடைக்கும். அதன்பிறகு நூலகத்துக்குப் போங்கள்.

"வன்னி மாடுகளின் நோய்கள்" என்பது தலைப்பல்ல. "கரைச்சிப் பிரதேசத்தில் கறவையில் உள்ள கலப்பின மாடுகளில் வெளியில் தெரியாத மடிநோய் எவ்வளவு? கறக்குமுன் மடி கழுவும் வீடுகளில் அது குறைவா?" என்பது தலைப்பு. இடம், விலங்கு, அளக்கும் பொருள், ஒப்பிடும் காரணி நான்கும் அதில் இருக்கின்றன. புதுமை என்றால் உலகில் யாருமே தொடாததாக இருக்க வேண்டியதில்லை. உதாரணத்துக்கு, 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப்புகாமல் மூடிவைத்தால் வைக்கோலின் சத்தும் செரிமானமும் கூடும் என்பது பல காலமாகத் தெரிந்த விடயம். சிறுபோகம் முடிந்து வைக்கோல் குவிகிற ஒரு கிராமத்தில் எத்தனை வீடு அதைச் செய்கிறது, செய்யாத வீடுகளை எது தடுக்கிறது என்று கண்டுபிடித்தால், அது இந்த மண்ணுக்குப் புதிது.

இன்னொன்றும் என் மனதில் கிடக்கிறது. 2022 டிசம்பரில் மண்டௌஸ் புயல் நேரத்துக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாளில் இறந்துபோயின. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மோசமாக அடிபட்டன. பக்கத்துப் பக்கத்துப் பட்டிகளில் ஒன்றில் கூடுதலாகச் செத்ததும் மற்றதில் தப்பியதும் ஏன்? மறைப்பா, மேடான நிலமா, முன்பே மெலிந்திருந்ததா? அடுத்த புயலுக்கு முன் யாராவது இதை ஒழுங்காக ஆராய வேண்டும் என்பது என் விருப்பம்.

"புரொபோசல் ஐப்பசியில பாஸாகும். உடனே மாதிரி எடுக்கத் தொடங்கலாம்தானே?"

வன்னியில் அதிக ஆய்வுகள் பிந்துவது இந்த இடத்தில்தான். ஐப்பசியில் காலபோக விதைப்பு தொடங்கிவிடும். வயலுக்குள் மாடு இறங்கக்கூடாது என்பதால் பட்டிகளைக் காட்டோரத்துக்கும் தூரத்து மேய்ச்சல் தரவைகளுக்கும் சாய்த்துக்கொண்டு போவார்கள். கார்த்திகை, மார்கழி மழையில் அந்தப் பாதைகளில் உழவு இயந்திரம்கூடப் புதையும். அறுவடை முடிந்து மாசி, பங்குனியில்தான் மாடுகள் ஊர்ப்பக்கம் திரும்பும். இந்த இடைவெளியில் நீங்கள் பட்டியைத் தேடி அலைவீர்கள்.

வைகாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும், சோளகம் அடிக்கிற காலத்தில், பட்டிகளைக் குளத்து அலைகரைகளில் காணலாம். பாதை காய்ந்திருக்கும். ஆனால் மாடு மெலிந்திருக்கும், பால் குறைந்திருக்கும். ஆகவே பருவம் வசதியை மட்டுமல்ல, விளைவையும் மாற்றும். உடல்நிலைப் புள்ளியை (மாடு மெலிந்ததா கொழுத்ததா என்று பார்த்துக் கொடுக்கும் புள்ளி) ஆவணியில் எடுத்துவிட்டு "வன்னி மாடுகள் மெலிந்தவை" என்று எழுதினால் அது ஆவணியின் கதை மட்டும்தான். ஒட்டுண்ணிப் புழு மழைக்குப் பின் கூடும். அதைக் கோடையில் மட்டும் தேடினால் குறைவாகத்தான் கிடைக்கும்.

நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்: மாசிக்குள் முன்மொழிவு, சித்திரைக்குள் அனுமதிகள், வைகாசி முதல் புரட்டாதி வரை களம், மழைக்காலத்தில் ஆய்வுகூடமும் கணக்கும், தையில் எழுத்து. இரு பருவத்தையும் ஒப்பிடுவதுதான் உங்கள் கேள்வி என்றால், மாட்டுக்காரர் மழைக்காலத்தில் எங்கே சாய்ப்பார் என்று கோடையிலேயே கேட்டு எழுதிவையுங்கள்.

"ஆரிட்ட எல்லாம் அனுமதி எடுக்க வேணும்?"

பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு, மாகாண கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், அந்தப் பகுதி அரச கால்நடை வைத்தியர். பிறகு கிராம அலுவலருக்குத் தகவல். மேய்ச்சல் நிலம் காட்டுக்குள் இருந்தால் வனவளத் திணைக்களத்திடமோ வனசீவராசிகள் திணைக்களத்திடமோ தனியாகக் கேட்க வேண்டும். எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன சம்மதம், சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனால் கூடவே போய்விடும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதற்கான அனுமதியை முதல் நாளே தொடங்குங்கள். எல்லாவற்றிலும் நீண்டது அது.

எல்லா அனுமதியும் கையில் இருந்தாலும் பட்டிக்காரர் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்.

"சாணி மட்டும்தான் எடுக்கப் போறன். அதுக்கும் எதிக்ஸ் வேணுமோ?"

வேணும். தரையில் விழுந்த சாணியை எடுத்தால் விண்ணப்பம் எளிதாக இருக்கும், அவ்வளவுதான். புழு முட்டை எண்ணுவதற்குத் தரைச் சாணி அவ்வளவு நல்லதும் அல்ல. எந்த மாட்டினது என்று தெரியாது, மண்ணில் உள்ள புழுக்களும் ஏறிவிடும். மலக்குடலில் இருந்து நேரே எடுக்க வேண்டுமென்றால் விலங்கைப் பிடிக்க வேண்டும். பிடித்தாலே அதற்கு அச்சம் வரும். ஒழுக்கநெறிக் குழு கேட்பதும் அதைத்தான்.

குழுவின் கேள்விகள் 1959இல் முன்வைக்கப்பட்ட மூன்று நெறிகளில் இருந்து வருகின்றன: விலங்கு இல்லாமல் செய்ய முடியுமா, குறைந்த எண்ணிக்கையில் முடியுமா, துன்பத்தைக் குறைத்துச் செய்ய முடியுமா. இவற்றுக்கு ஒவ்வொரு பந்தி நேர்மையாக எழுதினால் போதும். பட்டிக்காரரிடம் கேள்விக்கொத்தும் கொடுக்கிறீர்கள் என்றால் அது மனிதரைப் பற்றிய ஆய்வு. அதற்கான ஒப்புதல் வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஆய்வு முடிந்தபின் பின்திகதியிட்டு ஒப்புதல் தரமாட்டார்கள்.

"எத்தினை மாடு நிக்குது எண்டு கேட்டால் ஒருத்தரும் சரியாச் சொல்லுறேல்லை. என்ன செய்ய?"

முதல் கேள்வியாக அதைக் கேட்காதீர்கள். எண்ணிக்கை சொன்னால் கண்ணூறு படும் என்பார்கள். மேய்ச்சல் நிலத்துக்குப் பிரச்சினை இருக்கிற இடத்தில், சொன்ன எண்ணிக்கை எந்தக் கந்தோருக்குப் போகும் என்ற பயமும் இருக்கும். அதற்கு மேலே, ஒரு பட்டியில் நிற்கிற மாடெல்லாம் ஒருவருடையது அல்ல. தம்பியினது, மச்சானது, வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் வாங்கி விட்டது என்று நாலைந்து குறி இருக்கும். "உங்கட மாடு எத்தினை" என்று கேட்டால் அவர் தன் குறி உள்ளதை மட்டும் சொல்வார். அது பொய்யல்ல.

விடியற்காலை, மாடு திறக்குமுன் போய் நில்லுங்கள். ஐயாவோடு தேத்தண்ணி குடித்து, எந்த மாடு கறக்குது, எது சினை, எது போன வருடம் கன்று போட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாருங்கள். படலை திறந்து மாடுகள் ஒவ்வொன்றாக வெளியேறும்போது நீங்களே எண்ணிக்கொள்ளலாம். வயது கேட்பதை விட "எத்தினை கன்று போட்டது" என்று கேளுங்கள், அதற்குச் சரியான பதில் வரும். சந்தேகமென்றால் பல்லைப் பாருங்கள்: முதல் சோடி நிலைப்பல் ஏறக்குறைய இரண்டு வயதில் முளைக்கும், நாலு சோடியும் நிறைய நாலு, ஐந்து வயதாகும்.

ஒன்று மனதில் இருக்கட்டும். "2009க்கு முன் எத்தனை மாடு வைத்திருந்தீர்கள்" என்ற கேள்வியைப் பழக்கத்தில் கேள்விக்கொத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்த வருடம் சனம் பட்டியைத் திறந்துவிட்டு ஓடியது. அந்தக் கேள்விக்கு எண்ணிக்கை மட்டும் பதிலாக வராது. உங்கள் ஆய்வுக்கு அது உண்மையில் தேவை இல்லையென்றால் வெட்டிவிடுங்கள். தேவையென்றால் கடைசியில் கேளுங்கள். பதில் சொல்கிறவர் நிறுத்தும்வரை எழும்பாமல் இருங்கள்.

"எல்லாரும் 384 மாதிரி எண்டு சொல்லுறாங்கள். அது எங்கயிருந்து வந்தது?"

நோயின் பரவல் 50 வீதம் என்று எடுத்து, 95 வீத நம்பிக்கையில், கூடக்குறைய 5 வீத வழுவோடு கணக்குப் பார்த்தால் 384 வரும். பரவல் பற்றி ஒன்றுமே தெரியாதபோது எடுக்கிற எண் அது. உங்கள் நோய் 10 வீதம் இருக்கலாம் என்று முந்தைய ஆய்வுகள் காட்டினால் அதே சூத்திரம் 139 தரும்.

ஆனால் அது மாடுகளைத் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கி எடுத்தால்தான் பொருந்தும். நீங்கள் பட்டி பட்டியாக எடுக்கிறீர்கள். ஒரே பட்டி மாடுகள் ஒரே தண்ணீர் குடித்து, ஒரே பொலிகாளையோடு நிற்பவை. ஒன்றுக்கு நோய் என்றால் மற்றதுக்கும் வரும் வாய்ப்புக் கூட. அதனால் எண்ணைப் பெருக்க வேண்டும். பட்டிக்குள் ஒற்றுமையை 0.1 என்று எடுத்தால், பட்டிக்கு 10 மாடு வீதம் எடுக்கும்போது 139ஐ 1.9ஆல் (1 + 9 × 0.1) பெருக்கி 265 வரும், அதாவது 27 பட்டி. பட்டிக்கு 5 மாடு என்றால் 1.4ஆல் பெருக்கி 195, அதாவது 39 பட்டி. பெற்றோல் செலவா ஆய்வுகூடச் செலவா உங்களுக்குப் பாரம் என்று பார்த்து முடிவெடுங்கள். நான் என்றால் கூடுதல் பட்டிகளையே எடுப்பேன்.

"பட்டிகளின்ட முழு லிஸ்ட் ஒண்டும் இல்லையே. எப்பிடி எழுந்தமானமாத் தெரிவு செய்யிறது?"

கால்-வாய் நோய்த் தடுப்பூசிப் பதிவு, கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் பெயர்கள், பால் சேகரிப்பு நிலையப் புத்தகம் என்று மூன்று பட்டியல்கள் கிடைக்கும். மூன்றும் பாதையோரத்துக்காரரை அதிகம் பிடிக்கும். பாலே விற்காத, நெடுங்கேணிக்கு அப்பாலோ துணுக்காய்க் காட்டோரமோ இருக்கிற பட்டிகள் எதிலும் இருக்காது. மூன்றையும் ஒன்றாக்கி, கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கொடுத்து "இதில் இல்லாத பட்டி எவை" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியும். பிறகு குலுக்குங்கள். அப்படியும் விடுபட்டவற்றை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுங்கள்.

"லேப் இல்லாமல் மடிநோய் பார்க்கேலுமோ?"

பார்க்கலாம். கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை பட்டியடியிலேயே நடக்கும். நாலு கிண்ணம் உள்ள ஒரு தட்டு, ஊதா நிறக் கரைசல் ஒரு போத்தல், அவ்வளவுதான். முதல் பீச்சல்களைக் கீழே விட்டுவிட்டு, ஒவ்வொரு முலைக்காம்புக்கும் ஒரு கிண்ணமாக ஒவ்வொன்றிலும் கொஞ்சப் பால். அதே அளவு கரைசல். தட்டைக் கையில் வைத்து வட்டமாக ஆட்டுங்கள். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோயுள்ள காம்பின் பால் சில நொடிக்குள் கொழகொழவென்று திரண்டு, ஆட்டும்போது கிண்ணத்தின் நடுவில் குவியும். மாட்டுக்காரர் அதைத் தன் கண்ணாலேயே பார்ப்பார். அந்தக் கணத்தில் இருந்து உங்கள் ஆய்வில் அவருக்கும் அக்கறை வந்துவிடும்.

எங்கள் பகுதியில் பால் சுரக்கக் கன்றை முதலில் ஊட்டவிட்டுத்தான் கறப்பார்கள். கன்று எந்தக் காம்பை ஊட்டியது, கழுவியது அதற்கு முன்னா பின்னா என்று பதியுங்கள். வேறு நாட்டுப் படிவத்தை அப்படியே எடுத்தால் அதற்கு ஒரு கட்டமே இருக்காது.

"இரத்த மாதிரி கெட்டுப் போகுது. ஐஸ் வச்சும் சிவப்பாத்தான் வருது."

அநேகமாக ஐஸ் வைத்ததால்தான். பாய்மத்துக்கான (சீரம், இரத்தம் உறைந்தபின் தெளிகிற நீர்) சிவப்பு மூடிக் குழாயை எடுத்த உடனே ஐஸில் புதைத்தால் இரத்தம் ஒழுங்காக உறையாது. ஐஸ் கட்டியில் நேரே முட்டினால் செங்குருதிக் கலங்கள் உடைந்து பாய்மம் சிவக்கும். நிழலில் சாய்த்து வைத்து உறையவிடுங்கள், குலுக்காதீர்கள். உறைந்து பாய்மம் மேலே தெளிந்தபின் குளிர்ப்பெட்டிக்குள், ஐஸுக்கும் குழாய்க்கும் இடையில் துணியோ கடதாசியோ வைத்து அடுக்குங்கள். அன்றைக்கே பாய்மத்தைப் பிரித்துச் சிறு குழாயில் மாற்றி உறைகுளிரில் வைக்கலாம். முழு இரத்தத்தை ஒருபோதும் உறைகுளிரில் போடாதீர்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் உள்ள ஊதா மூடிக் குழாய் வேறு கதை: அதை மெதுவாகத் தலைகீழாகப் பலமுறை புரட்டிவிட்டு உடனே குளிரில் வைக்க வேண்டும்.

பேராதனைக்குப் போகிற மாதிரியென்றால் ஏ9 பாதையில் பல மணித்தியாலப் பயணம். ரெஜிபோம் பெட்டியைப் பேருந்தின் இயந்திரப் பக்கம் வைக்க விடாதீர்கள், மடியில் வையுங்கள். பெயரைத் தண்ணீரில் அழியாத பேனையால் குழாயில் எழுதுங்கள், மூடியில் அல்ல. மூடிகள் மாறும்.

"தராசு இல்லை. மாட்டின்ட நிறையை எப்பிடி எடுக்கிறது?"

நெஞ்சுச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் இறாத்தலில் நிறை. சென்ரிமீற்றரில் அளந்தால் 10,838ஆல் வகுத்துக் கிலோவில் எடுக்கலாம். ஆனால் இது எங்கள் சின்ன உடம்பு நாட்டு மாட்டுக்காக வகுத்த சூத்திரம் அல்ல. தராசு உள்ள ஒரு பண்ணையில் கொஞ்ச மாடுகளை இரு விதமாகவும் அளந்து எவ்வளவு பிசகுகிறது என்று பார்த்துவிட்டுப் பாவியுங்கள். அந்த ஒப்பீடே ஒரு முதுமாணித் தலைப்பாகும்.

"எங்கட வீட்டில 12 ஆடு நிக்குது. மூண்டு தீவனம், நாலு நாலாப் பிரிச்சு செய்யலாமோ?"

நாலு ஆட்டை ஒரு கொட்டிலில் விட்டு ஒரே தொட்டியில் தீவனம் போட்டால், புள்ளிவிபரத்துக்கு அது நாலு அல்ல, ஒன்று. தீவனத்தைக் கொட்டிலுக்குத்தான் கொடுத்தீர்கள், ஆட்டுக்கு அல்ல. மூன்று தீவனத்துக்கும் ஒவ்வொரு கொட்டில் என்றால் ஒப்பிட ஒன்றும் இல்லை. பரீட்சகர் வாய்மொழிப் பரீட்சையில் முதலில் கேட்பதும் இதைத்தான்.

ஒவ்வொரு ஆட்டையும் தனியாகக் கட்டி, தனியாகத் தீவனம் கொடுத்து, மிச்சத்தைத் தனியாக நிறுத்தால் 12ம் 12தான். ஒரே பால், கிட்டிய வயது ஆடுகளாக எடுத்து, தொடக்க நிறைப்படி நாலு கூட்டமாக்கி, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் மூன்று தீவனத்தைக் குலுக்கிக் கொடுங்கள். தொடங்குமுன் எல்லாவற்றுக்கும் புழுமருந்து. முதல் இரண்டு கிழமை பழகுவதற்கு விடுங்கள், அந்தக் கணக்கைச் சேர்க்காதீர்கள். கிளிசீரியா இலை முதல் நாள் மணத்துக்கே ஆடு திரும்பாது. வாடவிட்டுக் கொடுத்தால் சில நாளில் பழகும்.

"நான் பொம்பிளைப் பிள்ளை. பட்டிக்குத் தனியப் போகலாமோ?"

ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தனியாகப் போகாதீர்கள். உத்தியோகத்தரோ ஊரவர் ஒருவரோ கூட வரட்டும். மேலே விடியற்காலை போகச் சொன்னேன். யானை நடமாடுகிற காட்டோரத்தில் வெளிச்சம் வந்தபின்தான் வெளிக்கிட வேண்டும், முதல் நாள் இரவு யானை எங்கே நின்றது என்று ஊரில் கேட்டுவிட்டு. கண்ணிவெடி அகற்றப்படாத பகுதிக்குச் சிவப்புப் பலகை இருக்கும். பலகை இல்லையென்றாலும் பாவனையில் உள்ள பாதையை விட்டு இறங்காதீர்கள். மாடு போன தடம் பாதுகாப்பான பாதை அல்ல.

பட்டிகளில் பாலும் கன்றும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. ஆண் மாணவர்களுக்குச் சொல்லாததை அம்மாமார் உங்களுக்குச் சொல்வார்கள். அது உங்கள் ஆய்வுக்குப் பெரிய பலம்.

"மாட்டில இருந்து எனக்கு வருத்தம் வருமோ?"

வரலாம். கன்று போட்ட, கன்று விழுத்தின மாட்டின் நஞ்சுக்கொடியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், காய்ச்சாத பாலைக் குடிக்காதீர்கள். புருசெல்லா (மாட்டில் கன்று விழுத்துகிற, மனிதருக்கும் தொற்றுகிற பற்றீரியா நோய்) அப்படித்தான் வரும். மழைக்காலச் சேற்றுப் பட்டியில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல். முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், தடுப்பு மாத்திரை பற்றிச் சொல்வார்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் போட்டுக்கொள்வது நல்லது. களத்தில் இருந்து வந்தபின் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் "பட்டிகளில் வேலை செய்கிறேன்" என்று சொல்லுங்கள்.

"காசு எவ்வளவு ஒதுக்க வேணும்? பட்டிக்காரருக்கும் குடுக்கிறதோ?"

எரிபொருளும் சோதனைப் பொருட்களும்தான் பெரும் செலவு. 2022 பொருளாதார நெருக்கடியோடு இறக்குமதி இரசாயனங்கள் விலையேறிவிட்டன; பிசிஆர் (மரபணுச் சோதனை) வேலையைக் கையில் காசு இல்லாமல் தலைப்பில் போடாதீர்கள். நுணுக்குக்காட்டியும் புழு முட்டை எண்ணும் கண்ணாடியும் வைத்து நல்ல முதுமாணி ஆய்வு செய்யலாம்.

பட்டிக்காரருக்குக் காசு கொடுத்தால் சம்மதம் காசுக்கான சம்மதமாகிவிடும். புழுமருந்து, சோதனை முடிவு, அவருடைய நேரத்துக்கு மரியாதை, இவற்றைக் கொடுங்கள்.

"ரோஸ் பெங்காலில பொசிட்டிவ் எண்டால் புருசெல்லா இருக்கெண்டுதானே அர்த்தம்?"

இல்லை. ரோஸ் பெங்கால் புருசெல்லாவுக்கான முதற்கட்டச் சோதனை மட்டும்தான். ஒரு கணக்குப் பாருங்கள். 200 மாட்டில் 10க்கு உண்மையில் நோய். நோயுள்ளதில் 90 வீதத்தைப் பிடிக்கிற, நோயில்லாததில் 95 வீதத்தைச் சரியாக விடுகிற ஒரு சோதனை என்று வைப்போம். நோயுள்ள 10இல் 9 பிடிபடும். நோயில்லாத 190இலும் 9 அல்லது 10 பிழையாகப் பிடிபடும். பொசிட்டிவ் வந்ததில் பாதி நோயில்லாத மாடு. கன்றில் தடுப்பூசி போட்டிருந்தாலும் சோதனை காட்டலாம். ஆகவே முதல் சோதனையில் வந்தவற்றை எலைசா போன்ற இன்னொரு சோதனையால் உறுதிப்படுத்துங்கள். தடுப்பூசி விபரம் கேள்விக்கொத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

"கடைசியில வித்தியாசம் ஒண்டும் வரேல்லை. பாஸாகாதோ?"

பாஸாகும். கேள்வியும் முறையும் சரியென்றால் "வித்தியாசம் காணப்படவில்லை" என்பதும் முடிவுதான். மேலே சொன்ன மாதிரி எண்ணிக்கையை முன்பே நியாயப்படுத்தியிருந்தால் பரீட்சகர் மதிப்பார். செய்யக்கூடாதது, வித்தியாசம் வரும்வரை தரவை இப்படியும் அப்படியும் வெட்டிப் பார்ப்பது. எந்த ஒப்பீடு செய்வேன் என்று முன்மொழிவிலேயே எழுதியிருந்தால் அந்தச் சபலமே வராது.

"மேற்பார்வையாளர் மெயிலுக்குப் பதில் போடுறாரில்லை."

நீண்ட மெயில் போடாதீர்கள். ஒரு கேள்வி, நீங்கள் நினைக்கிற விடை, எத்தனையாம் திகதிக்குள் தேவை, இவ்வளவும் ஐந்து வரியில். மாதம் ஒருமுறை நேரே போய்ப் பாருங்கள், பேசியதை அன்றிரவே எழுதி அனுப்புங்கள். அதற்கும் நடக்கவில்லையென்றால் இணை மேற்பார்வையாளர், பிறகு பட்டப்பின் படிப்பு இணைப்பாளர்.

"ஒரு ஐயாவின்ட மாட்டுக்குப் புருசெல்லா உறுதி. அவருக்குச் சொல்லலாமோ? சொன்னால் என்ன செய்வார் பாவம்?"

சொல்லத்தான் வேண்டும். அந்தப் பாலை அவருடைய பேரப்பிள்ளை குடிக்கிறது. ஆனால் தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் பொறுப்பு அரச கால்நடை வைத்தியருக்கு. முதலில் அவருக்கு அறிவித்து, அவரோடு போங்கள். பாலைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும், கன்று விழுத்தினால் எப்படிப் புதைப்பது, வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு நோவும் இருந்தால் எங்கே காட்டுவது என்று அவர் சொல்வார். அந்த மாட்டை அப்படியே வேறு பட்டிக்கு விற்பதுதான் பெரிய ஆபத்து. அதையும் அவரே சொல்ல வேண்டும்.

இந்த நிலைமை வரும் என்று தெரிந்து, சம்மதப் படிவத்திலேயே "முடிவு உங்களுக்கும் அரச கால்நடை வைத்தியருக்கும் மட்டும் தெரிவிக்கப்படும்" என்று எழுதுங்கள். ஆய்வேட்டில் பெயர் வராது, இலக்கம் மட்டும். சின்ன ஊரில் ஊர்ப்பெயரும் மாட்டு எண்ணிக்கையும் போட்டாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும், அதனால் பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தோடு நிறுத்துங்கள். நோய் இல்லாத பட்டிகளுக்கும் போய் "உங்கட மாடுகளுக்கு இல்லை" என்று சொல்லுங்கள். அவர்களும் காத்திருக்கிறார்கள்.

"மிச்சப் பாய்மத்தை எறியலாமோ?"

உடனே எறியாதீர்கள். பரீட்சகர் ஒரு சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லலாம், ஆகவே பட்டம் உறுதியாகும்வரை உறைகுளிரில் வையுங்கள். வேறு ஆய்வுக்குப் பாவிப்பதென்றால் சம்மதப் படிவத்தில் அதற்கு இடம் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பக் கேட்க வேண்டும். அழிக்கும்போது அமுக்கக் கொதிகலனில் கிருமி நீக்கிய பிறகே ஆய்வுகூடக் கழிவோடு போக வேண்டும். குழாய் இலக்கப் பட்டியலின் ஒரு பிரதியை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.